நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம்

லுத்தரன் சபை ஒன்றின் ஆண்டு விழா மலர் கைக்கு வந்தது. வழவழத் தாள், வண்ணப் படங்கள். 'சமூக நலப் பணிகள்' என்று பன்னிரண்டு பக்கம். தையல் மிஷின், நோட்டுப் புத்தகம், கண் சிகிச்சை முகாம், வெள்ள நிவாரண அரிசி. கொடுக்கிறவர் காமிராவைப் பார்க்கிறார். வாங்குகிறவர் அரிசிப் பையைப் பார்க்கிறார். கொடுக்கிறவர் பெயர் பட்டங்களோடு அச்சாகியிருக்கிறது. வாங்குகிறவருக்குப் பெயர் கிடையாது, 'பயனாளி'.

தமிழ் எம்.ஏ. படித்த பழக்கம், எதையும் பிரதியாகத்தான் வாசிக்க வருகிறது. பன்னிரண்டு பக்கத்திலும் வாக்கியம் ஒரே அமைப்பு: 'சபை ஏழைகளுக்கு வழங்கியது.' சபை எழுவாய். நாம் 'கு' உருபு ஏற்ற நான்காம் வேற்றுமை. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கொடையை முதலில் வைக்கிறது. அடுத்து வைப்பது பகை. கொடைக்கும் பகைக்கும் உருபு ஒன்றுதான். மலர் முழுக்கத் தேடினேன். நாம் எழுவாயாக வரும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. என் விமர்சனம் அந்த 'கு' மீதுதான்.

'நன்றி கெட்டவர்கள்' என்று சொல்ல ஆள் தயாராக இருப்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றார். பள்ளிகள் திறந்தார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. 1713இல் அங்கே தமிழ் அச்சு ஓடியது. சேரிக்குள் எழுத்து வந்த வழிகளில் இந்த வழி முக்கியமானது. எங்க தாத்தா கையெழுத்துப் போடக் கற்றதும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில்தான். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்தைக் கற்றதனால்தான், கொடுத்த கை எதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது என்றும் கேட்கத் தெரிகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் 1741இல் இருக்கிறது. ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர். தஞ்சை மன்னர் படையில் சேவகம் செய்தவர், கத்தோலிக்கராக இருந்து லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சைச் சீமையில் ஊர் ஊராக அலைந்து சபையை வளர்த்த உபதேசியார். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் குருவாக அபிஷேகம் பெற்றிருந்தார். 1741இல் அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. அவருக்குத் தகுதி இல்லை என்று மிஷனரிகள் சொல்லவில்லை. அவர் கையால் வேளாளர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று யோசித்தார்கள். தியோகு என்பவருக்கு அபிஷேகம் நடந்தது. ராஜநாயக்கன் உபதேசியாராகவே உழைத்து 1771இல் இறந்துபோனார்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும் தோழர்களே. அப்பத்தை வாங்க நம் கைக்குத் தடை இல்லை. பிட்டுக் கொடுக்கத்தான் தடை. வாங்கும்போது 'கு'; கொடுக்க எழுந்தால் எழுவாய் ஆகிவிடுவோமே! இன்றைய மலரின் இலக்கணம் 1741இலேயே எழுதி முடிக்கப்பட்டது. எங்க ஊர்ப் பக்கம் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேதக்கோயிலிலும் ஐயர்தான். அந்தச் சொல்லை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்ததும் இதே கதைதான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைக் கிறிஸ்தவ இலக்கியம் என்ற தலைப்பில் பாடமாகப் படித்தோம். 'பெத்லகேம் குறவஞ்சி' தேர்வுக்கு வந்தது. அதே சாஸ்திரியார் 1829இல், புதிதாக வந்த மிஷனரிகள் சபையில் சாதிப் பிரிவினையை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்பதையும் ஒரு கொடுமையாகப் பட்டியல் போட்டு எதிர்த்தார். அது பாடத்தில் வரவில்லை. லுத்தரன் மிஷனரிகள் வளர்த்த தஞ்சை சபை அப்போது ஆங்கிலிக்கன் கைக்குப் போயிருந்தது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைக் கைவிடும்படி உத்தரவு போட்டார். வேளாளர் பலர் வெளியேறினார்கள். பின்னால் அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது லைப்சிக் லுத்தரன் மிஷன். சாதி என்பது சமூக வழக்கம், அதைக் கட்டாயமாக அறுக்கக் கூடாது என்பது அதன் தலைவர் கார்ல் கிராவுல் வாதம். 1850இல் சென்னையில் மற்ற மிஷன்கள் சாதிக்கு எதிராக ஒன்றுகூடித் தீர்மானம் போட்டபோது லைப்சிக் மட்டும் சேரவில்லை. இதைப் பொறுக்காமல் வெளியேறிய லைப்சிக் மிஷனரி ஓக்ஸ், கடலூர்ப் பக்கம் பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கினார். மறுக்க வழி இருந்தது என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி. அந்த லைப்சிக் மரபில் 1919இல் உருவானதுதான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

'அந்தக் காலம் அப்படி' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், நிறவெறியை எதிர்ப்பது அரசியல் கருத்து அல்ல, விசுவாசத்தையே சேர்ந்த விஷயம் என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் இருந்த வெள்ளையர் சபைகள் இரண்டின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. அந்தச் சபைகள் தான தர்மத்தில் குறை வைத்தன என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பரோடு ஒரே சபையாக நிற்க மறுத்தன என்பதே குற்றம். 2009 மார்ச்சில் பாங்காக்கில் இதே சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து தலித்துகளுக்கான நீதி மாநாடு நடத்தின. வரவேற்கிறேன். ஆனால் பாங்காக்கில் பேசியது நம்மூர்க் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்து சேரவேண்டும்.

சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரிக்கு இங்கே தனி இடம் உண்டு. அரவிந்த் நிர்மல் அங்கே தலித் இறையியல் துறைக்குப் பொறுப்பேற்றார். தலித்தின் வலியிலிருந்து தலித்தே கடவுளைப் பேசுவது என்று அவர் தொடங்கியதில் நாம் எழுவாய். அந்தப் பேச்சு கல்லூரி மதிலைத் தாண்டிச் சபைக் கமிட்டிக்கு ஏன் வரவில்லை? 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. இதற்காகச் சபைகள் ஊர்வலம் போகின்றன. நானும் கோஷம் போட்டிருக்கிறேன். டெல்லியிடம் 'நாங்கள் தலித்துகள்' என்று சொல்கிற சபை, வீட்டுக்குத் திரும்பியதும் 'கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை' என்று வாயை அடைக்கிறது. இரண்டில் எது உண்மை?

எங்க அப்பாயி வேதக்கோயிலைக் கூட்டிப் பெருக்கியவள். நாற்பது வருஷம். கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை கொடுப்பார்கள். அந்த மலரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "குடுத்தத எல்லாம் எழுதியிருக்கானுவ. நாப்பது வருசம் நான் குடுத்தது எங்க இருக்கு?"

விமர்சகன் இதற்கு மேல் என்ன சொல்ல? கோயில் கட்ட மண் சுமந்தவர்கள், கால்நடையாக அலைந்த உபதேசியார்கள், காணிக்கைத் தட்டில் கூலிக்காசைப் போட்ட பெண்கள், இவர்கள்தான் கொடுத்தவர்கள். அரிசி வழங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. பசி இருக்கிறவரை வழங்கட்டும். ஆனால் அதை நீதி என்று அச்சடிக்க வேண்டாம். நீதி என்றால் சபைச் சொத்து யார் கையில், கமிட்டியில் யார், பீடத்தில் யார், கல்லறையில் யாருக்குப் பக்கத்தில் யார் என்ற கணக்கு. அந்தக் கணக்கைச் சபை தானாகக் காட்டாது. நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்த மலரின் முதல் பக்கத்தில் ராஜநாயக்கன் பெயர் வரட்டும். அதை எழுதப்போவது நாம்.