மானமா, பொருளா?

குத்துச்சண்டை வீரர் தம் எதிரியைத் தேர்வது மானங்கருதியா, பொருள்கருதியா? ‘முன்னோர் மானத்திற்காக மோதினர், இன்றையோர் பணத்திற்காக மோதுகின்றனர்’ என்பர் பலர். இக்கூற்று ஆராயத்தக்கது.

1971 மார்ச்சு 8ஆம் நாள் நியூயார்க்கில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மோதினர். ஆளுக்கு 25 இலட்சம் டாலர் உறுதி செய்யப்பட்டிருந்தது. எனவே, பொருள்நாட்டம் புதியதன்று. ஆயினும், அதுவரை தோல்வியே அறியாத அவ்விருவரும் அப்பெருமையைப் பணயம் வைத்தே மேடையேறினர். அலி தோற்றார்; அவர் புகழோ தேயவில்லை.

அமெரிக்கரான பிளாய்டு மேவெதரையும் பிலிப்பைன்சின் மேனி பாக்கியாவையும் மோதவிடும் பேச்சு 2009இல் எழுந்து, இரத்தப் பரிசோதனை முறைபற்றிய பிணக்கால் முறிந்தது. அவர்கள் எதிர்நின்றது 2015 மே 2ஆம் நாளில்தான். அப்போது மேவெதருக்கு வயது 38, பாக்கியாவுக்கு 36. வென்ற மேவெதர், 2017இல் தம் 50ஆம் வெற்றிக்கு எதிர்கொண்ட கானர் மெக்கிரகரோ, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதற்குமுன் ஒருமுறையேனும் இறங்காதவர்.

தோல்வியில்லாப் பட்டியலே இன்று விலைபோகும் சரக்காகிவிட்டது. அதனைக் காப்பது மானம்போல் தோன்றினும், உண்மையில் அது முதலீட்டைக் காக்கும் வணிகமே. பொருள் மானத்தை வெல்லவில்லை. மானத்தின் வேடத்தைப் புனைந்துகொண்டது.

உடலை ஒப்படைத்து ஆடுபவன் ஊதியம் நாடுவதைப் பழிப்பதற்கில்லை. ‘படைச்செருக்கு’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் முயலையும் யானையையும் மாணவர் அறிவர். யானைமுன் நிற்பவன் கூலி பெறுவது இழுக்கன்று. கூலிக்காக முயலைத் தேடி நடப்பதே இழுக்கு.