வினவும் முறைமை: பிரசைகள் குழுவிலிருந்து பாராளுமன்றத்துக்கு

மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்த ஒருவர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தபின் மாணவர் மன்றமொன்றுக்கு வருவாராயின், அவரை நோக்கி எழும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே வகையின. அரசியலுக்கு ஏன் வந்தீர்கள் என்பது ஒன்று. எங்களுக்கு என்ன செய்து தருவீர்கள் என்பது மற்றையது. வாழைச்சேனைப் பகுதியில் இவ்விரண்டாவது வினா கடதாசி ஆலை, வீதி, நியமனம் என நீளும். அதனை இழிவெனத் தள்ளுதல் தகாது. வேலையற்றோர் வேலையைப் பற்றியே கேட்பர்.

முதலாவது வினா உயர்ந்தது போலத் தோன்றும். ஆயின் அது ஒருவரின் உள்ளத்தூய்மையை அளக்க முற்படுவது. அதற்குக் கிடைக்கும் விடையைச் சொல்பவரைத் தவிர வேறெவரும் சரிபார்க்க இயலாது. அத்தகைய வினா கேட்டவருக்குக் கைதட்டலையும், விடைசொன்னவருக்கு உருக்கமான ஒரு சொற்பொழிவுக்கு வாய்ப்பையும் தருமேயன்றி, உண்மை எதனையும் வெளிக்கொணராது. நமது மன்றங்களில் நிகழும் வினா விடைகள் பல இத்தகையனவே.

மட்டக்களப்பின் அண்மைக்கால வரலாறு இதற்கு ஓர் உரைகல்லாக அமைகின்றது. 1980களின் நடுப்பகுதியில் மட்டக்களப்புப் பிரசைகள் குழு செய்த பணி எளிமையானது, அதனாலேயே ஆபத்தானது. கைதானவர் யார், எந்நாளில், எவ்விடத்தில், எவரால் என்பவற்றை அது எழுதிவைத்தது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நிகழ்ந்த கொலைகள் போன்றவற்றை வெளியுலகம் அறிந்ததில் இக்குழுவுக்குப் பங்குண்டு. அதன் தலைவராக விளங்கியவர்களுள் ஒருவரான சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் சுட்டுக்கொல்லப்பட்டார். குழுவின் தலைமையை வகித்த மற்றொருவர், மெதடிஸ்த மத்திய கல்லூரி அதிபராக இருந்த பிரின்ஸ் காசிநாதர். சட்டத்தரணி சாம் தம்பிமுத்துவும் குழுவிற் பங்குகொண்டவர். 1989 பெப்ரவரி 15ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் இவ்விருவரும் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர்.

அவர்கள் நின்ற பட்டியல் எது என்பதே இங்கு நோக்கற்பாலது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னத்தில் ஈ.பி.ஆர்.எல்.எப்., ரெலோ, ஈ.என்.டி.எல்.எப். ஆகிய ஆயுதக் குழுக்களும் இணைந்து நின்ற பட்டியல் அது. இந்திய அமைதிப்படை நிலைகொண்டிருந்த காலம். அவ்வாண்டிலேயே வடக்குக் கிழக்கில் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென இளைஞர் பலர் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். அரசபடை பிடித்துச் சென்றவர்களின் பெயர்களை எழுதியவர்கள், பிள்ளைபிடித்த இயக்கங்களோடு ஒரே பட்டியலில் இருந்தார்கள். ஆகவே கேட்கவேண்டிய வினா அவர்கள் அரசியலுக்கு ஏன் வந்தனர் என்பதன்று. முன்னர் எவரெவர் பெயரை எழுதினீர்கள், இப்போது எவரெவர் பெயரை எழுதாது விடுகிறீர்கள் என்பதே அது. இவ்வினாவின் விடையைச் சரிபார்க்கலாம். ஒருபுறம் குழுவின் பதிவுகள், மறுபுறம் ஹன்சாட். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பொறுமை மாணவனுக்கு வேண்டும். அப்பொறுமை மேடையில் எழுந்து முழங்குவதைக் காட்டிலும் அரிது.

பாராளுமன்றம் புகுந்ததே பிழை எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. ஊரில் உரைத்தால் உயிர்போகும் செய்தியைச் சபையில் உரைத்தால் அது நாட்டின் பதிவேடாகின்றது. ஆயின் சபைக்கு வெளியே அச்சிறப்புரிமை எவரையும் காக்கவில்லை என்பதையும் வினவுவோர் மறத்தலாகாது. சாம் தம்பிமுத்து 1990 மே 7இல் கொழும்பிற் கனேடியத் தூதரகத்துக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். உடனிருந்து காயமுற்ற அவர் மனைவியும் பின்னர் உயிரிழந்தார். இக்கொலையை விடுதலைப் புலிகளே செய்தனர் எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. காசிநாதர் 2018 வரை வாழ்ந்தார். அவரிடம் வினவுதற்குக் காலம் இருந்தது.

இவ்வினா உரிமைப் போராளியாக இருந்திராதவருக்கும் பொருந்துமா எனிற் பொருந்தும். வாழைச்சேனையை உள்ளடக்கிய கல்குடாத் தொகுதியை 1965 முதல் 1989 வரை பிரதிநிதித்துவப்படுத்தியவர் கே. டபிள்யூ. தேவநாயகம். 1979 ஜூலையிற் பயங்கரவாதத் தடைச்சட்டம் நிறைவேறியபோது நீதியமைச்சர் அவரே. தொகுதிக்கு என்ன கொண்டுவந்தீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கலாம். அச்சட்டத்தினால் அடைபட்டோரின் பெயர்களை அறிவீர்களா என்பதே அதனினும் உரிய வினாவாகும்.

இனி இவ்வினா வினவுவோரையும் தொடாது விடாது. வாழைச்சேனைக்குத் தெற்கேயுள்ள வந்தாறுமூலையில், பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 1990 செப்டெம்பர் 5இல் இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேரின் தொகையைத் தமிழ் மாணவர் பலர் அறிவர். அதற்கு முந்திய மாதம் ஏறாவூரிற் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் தொகையை அவர்களுள் எத்தனைபேர் அறிவர்? அவ்வாறே ஓட்டமாவடி மாணவர்களுள் 1990 செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் நிகழ்ந்ததை அறிந்தோர் எத்தனைபேர்? 2002 ஜூனில் வாழைச்சேனையிலேயே இரு சமூகங்களும் மோதிக்கொண்டபோது, ஒவ்வொரு சமூகமும் தத்தம் இழப்புக்களையே எண்ணியது. மேடையில் அமர்ந்திருப்பவர், "நீங்கள் எழுதிவைத்திருக்கும் பட்டியலைக் காட்டுங்கள்" என மாணவரைத் திருப்பிக் கேட்பாராயின், அதற்கு மன்றத்தில் விடை இருத்தல் வேண்டும்.