ஈட்டுரையில் இருபொருள் நிலை

சமய நூல்களுக்கு எழுந்த உரைகள் மூலத்தின் பொருளைக் காப்பன என்பர் ஒரு சாரார்; காலத்திற்கேற்ப அதனைத் திரிப்பன என்பர் மற்றொரு சாரார். திருவாய்மொழிக்கு அமைந்த ஈட்டுரை இவ்விரு கூற்றுள் எதனுள்ளும் அடங்குவதன்று.

திருவாய்மொழிக்குப் பழைய உரைகள் ஐந்து. இராமாநுசர் பணிப்பத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் செய்தது ஆறாயிரப்படி. படி என்பது 32 எழுத்துக்கொண்ட அளவு. நம்பிள்ளை வாய்மொழியாக உரைத்ததை வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏட்டிலிட்ட ஈடோ 36,000 படியாக விரிந்தது. முன்னோர் கருத்துக்களைப் பெயர் சுட்டித் தொகுத்தமையும் இவ்விரிவிற்கு ஒரு காரணமாம்.

இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரம் இதற்குத் தக்க சான்று. இறைவன் முதலில் அன்பை விளைத்துப் பின்னர்ப் பிறவி மயக்கத்தில் வைத்தான் என ஆழ்வார் இரங்குவதாகத் திருமாலையாண்டான் பொருள் கூறினார். அஃது ஆளவந்தாரிடம் தாம் கேட்டது. இராமாநுசரோ சொற்களை மாற்றிக் கூட்டி, மயக்கத்தில் கிடந்த அறியாக் காலத்திலேயே அன்பை விளைத்தான் என நன்றிப் பொருள் கொண்டார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் களிப்பையே பேசுதலின், இடையே இரக்கம் பொருந்தாது என்பது அவர் கருத்து. ஆளவந்தாரிடம் கேளாத பொருளெனச் சினந்து ஆண்டான் பாடஞ் சொல்லுதலை நிறுத்தினார் என்றும், இப்பொருளும் ஆளவந்தார் அருளியதே எனத் திருக்கோட்டியூர் நம்பி சான்று பகர்ந்த பின்னரே தொடர்ந்தார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? இராமாநுசரின் பொருள் இடம்நோக்கிப் பிறந்தது. ஆயினும் மரபு அதனை ஏற்றற்கு அவ்வாராய்ச்சி ஒன்றே போதவில்லை. கேள்விச் சான்றும் வேண்டப்பட்டது. புதியது பழையதன் பெயராலேயே இடம்பெறுதல் சமய மரபுகளின் இயல்பு. எனினும் ஈடு இராமாநுசர் பொருளைப் போற்றிய அளவில் ஆண்டான் பொருளை மறைத்துவிடவில்லை. இரண்டனையும் உரியார் பெயரோடு வைத்தமையாற்றான், எப்பொருள் எவ்வழி வந்தது என இன்று நாம் ஆராய இயல்கின்றது.

ஆகலின் ஈட்டினைச் சுருக்கிப் பதிப்பிப்போரும் பாடஞ் சொல்வோரும் சிறந்ததெனத் தாம் கருதும் ஒரு பொருளை மட்டும் நிறுத்தி ஏனையவற்றைக் களைதல் தகாது. அங்ஙனம் களையின் முடிவு நிற்கும். அம்முடிவிற்கு வந்த வழி மறையும். தோற்ற பொருளையும் காத்தமையே ஈட்டின் தனிச்சிறப்பென்க.