‘ஜகாட்’ எந்த மொழிச் சொல்? - ஒரு விருதும் கெடாத் தோட்டத் தமிழும்

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படத்திற்கான விருதைப் பெற்றது. 1980இல் தொடங்கப்பெற்ற அவ்விழாவின் உச்ச விருதைத் தமிழ்ப்படம் ஒன்று பெற்றது அதுவே முதன்முறையாகும். அவ்வேளையில் எழுந்த பாராட்டுரைகள் பெரும்பாலும் ‘தமிழுக்குக் கிடைத்த வெற்றி’ என்னும் ஒரே தொடரைச் சுற்றி அமைந்தன. அத்தொடரில் பிழையில்லை. ஆயினும் எந்தத் தமிழுக்கு என்னும் வினா அன்று போதிய அளவில் எழுப்பப்படவில்லை. அவ்வினாவைக் கெடா மாநிலத்தின் தோட்டங்களையும் நகரங்களையும் முன்வைத்து இங்கு எழுப்ப விழைகிறோம். ‘ஜகாட்’ காட்டும் வாழ்க்கை கெடாத் தமிழர் நன்கு அறிந்த வாழ்க்கை என்பது இதற்கு ஒரு காரணம். அப்படத்தின் மொழிக்கு மிக அணுக்கமான மொழியில், கெடாவின் லூனாஸ் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு எழுதப்பட்ட நாவல் ஒன்று, நான்கே ஆண்டுகளில் நேர்மாறான முடிவைச் சந்தித்தது என்பது மற்றொரு காரணம்.

முதலில் விருதின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். அவ்வாண்டு விழாக் குழு, சிறந்த படம் முதலிய முதன்மைப் பிரிவுகளை மலாய்மொழிப் படங்களுக்கெனவும் பிறமொழிப் படங்களுக்கெனவும் இரண்டாகப் பிரித்தது. உரையாடலில் எழுபது விழுக்காடு மலாய் இருத்தல் வேண்டும் என்பது அளவுகோல். மலேசிய மண்ணில், மலேசியரால், மலேசியர் வாழ்வைப் பற்றி எடுக்கப்பட்ட படமாயினும் அதன் மொழி தமிழோ சீனமோ எனில் அது தனி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இதனை முதலில் உரத்துக் கண்டித்தோருள் மலாய்க் கலைஞர்கள் முன்னின்றனர் என்பதை இங்குப் பதிவு செய்தல் கடமையாகும். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், தாம் முன்னர்ப் பெற்ற விழா விருதுகளைத் திருப்பியளிக்க முன்வந்தார். நடிகரும் இயக்குநருமான அப்ட்லின் ஷவ்கி விழாவிலிருந்து விலகிக் கொண்டார். எதிர்ப்பு வலுத்தபின் எம்மொழிப் படமும் போட்டியிடத்தக்க ‘சிறந்த மலேசியத் திரைப்படம்’ என்னும் பிரிவும், தேசிய மொழிப் படத்திற்கெனத் தனியொரு பிரிவும் வகுக்கப்பட்டன. முன்னதை ‘ஜகாட்’டும் பின்னதைச் ‘முனாஃபிக்’ என்னும் படமும் பெற்றன.

இந்த எழுபது விழுக்காட்டு அளவுகோலைப் பற்றிய விவாதம் பெரிதும் உரிமை பற்றிய விவாதமாகவே நடந்தது. அது தேவையான விவாதமே. எனினும் மொழி பயில்வோர் நோக்கில் அதில் வேறொரு சிக்கலும் உண்டு. ‘ஜகாட்’ என்னும் தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தீயது, பொல்லாதது எனப் பொருள்படும் ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல், தோட்டத்து நாவில் ‘ஜகாட்’ ஆயிற்று. அடங்காத பிள்ளையையும் அடாவடிக்காரனையும் சுட்ட அது நம் பேச்சில் வழங்குகிறது. (உலகம் எனப் பொருள்தரும் வடசொல்லாக இதைக் கருதி நீண்ட விளக்கம் கூறியோரும் உளர். அவ்விளக்கம் தலைப்புக்கு மெருகூட்டலாமேயன்றிப் படத்திற்குப் பொருந்தாது.) இச்சொல் ஓர் உரையாடலில் வருமாயின், விழுக்காடு எண்ணுபவர் அதனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்? மலாய் எனில் அதன் ஒலியும் உருபேற்கும் முறையும் தமிழுக்குரியவை. தமிழ் எனில் அதன் வேர் மலாயில் உள்ளது. மலாய்ப் படமொன்றில் ‘கெடாய்’, ‘கப்பால்’, ‘மோடால்’ எனப் பேசும்போது அவை கடை, கப்பல், முதல் என்னும் தமிழ்ச் சொற்களின் வழிவந்தவை என்று எவரும் விழுக்காட்டைக் குறைப்பதில்லை. குறைக்கவும் கூடாது. சொற்கள் நெடுங்காலம் ஒன்றோடொன்று வாழ்ந்த நாட்டில் மொழிக்கு அளவுகோல் வைப்பது, இரண்டு ஆறுகள் கலந்த கழிமுகத்தில் நின்று குடம் குடமாகப் பிரிக்க முயல்வதை ஒத்ததே.

இவ்வகைச் சொற்கள் தோட்டத் தமிழில் ஓரிரண்டு அல்ல. கெடாவின் தென்பகுதியான கோலமூடா, கூலிம் மாவட்டங்களின் இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு, பால் வடியும் கிண்ணம் ‘மங்கு’. அது ‘மங்கோக்’ என்னும் மலாய்ச் சொல்லின் குறுக்கம். பிரம்பு ‘ரோத்தான்’. சந்தை ‘பாசார்’. விடியற்காலையில் தொழிலாளரை வரிசைப்படுத்திப் பெயர் கூப்பிடுவது ‘பெரட்டு’. குடியிருப்பு ‘லயம்’. இவற்றைக் கொச்சை என ஒதுக்கிவிட்டு அவ்வாழ்க்கையை எழுத முற்படின், மங்கு துடைத்த கையும் பெரட்டுக்கு ஓடிய காலும் எழுத்திலிருந்து மறைந்துவிடும். ‘கிண்ணம்’ என்று எழுதினால் பொருள் விளங்கும். மரத்தடியில் கம்பியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பொருள் கண்முன் வாராது.

‘ஜகாட்’டின் வலிமை இவ்விடத்தில்தான் உள்ளது என்பது எம் கருத்து. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தைப் படம் காட்டுகிறது. உழைத்து முன்னேறலாம் என நம்பும் தந்தை மணியம், போதைப்பழக்கத்தில் சிக்கி மீள முயலும் ஒரு சிற்றப்பன், குண்டர் கும்பலில் சேர்ந்த மற்றொரு சிற்றப்பன் ஆகிய மூவருக்கும் நடுவே அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வளர்கிறான். மூவரும் அண்ணன் தம்பியர். மூன்று பாதைகளும் ஒரே லயத்தின் வாசலிலிருந்து புறப்பட்டவை. இவர்கள் வாய்திறந்து பேசும் மொழி மேடைக்குரியது அன்று. தமிழகத் திரையின் மதுரைப் பேச்சும் சென்னைப் பேச்சும் அன்று. 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கிய பின்னர்த் தமிழகத் தொலைக்காட்சியின் தமிழ் நம் வீட்டுக் கூடங்களில் நாள்முழுதும் ஒலிக்கத் தொடங்கியது. உள்ளூர் நாடகங்கள் சிலவும் அவ்வொலியையே பின்பற்றின. அதற்கிடையே இம்மண்ணின் பேச்சை எவ்விதத் தயக்கமுமின்றித் திரையரங்கிற்குக் கொண்டு சென்றது இப்படத்தின் துணிவு.

கெடாவிலிருந்து இப்படத்தைக் காண்போர்க்கு அதன் நிலக்காட்சி அயலானதாகத் தோன்றுவதற்கில்லை. இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் சுற்றுவட்டாரத் தோட்ட மக்களுள் பலர் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் மலிவுவிலைக் குடியிருப்புகளில் குடியேறினர். லயத்தில் இருந்த கோயிலும் பள்ளியும் உறவுமுறைக் கட்டுப்பாடும் அங்கு உடன்வரவில்லை. பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெடாவில் தமிழ்விழா எடுப்போர் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் மறவாமல் குறிப்பிடுவர். 1947இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படையினர் மறியல் செய்ததும், ஹார்வார்ட் தோட்டத்தில் காவல்துறையினருடன் மோதல் நிகழ்ந்ததும் அம்மேடைகளில் அவ்வளவாக ஒலிப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வெற்றியைப் பேசுவது எளிது. பாட்டன் பட்ட அடியைப் பேசத்தான் நா எழுவதில்லை.

இனி, ஆசிரியர்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதிக்கு வருவோம். அப்போய் மந்தமான மாணவன் அல்லன். அவனிடம் கற்பனை உண்டு, நகைச்சுவை உண்டு. பள்ளியோ மனப்பாடத்தைக் கேட்கிறது. அவன் சொந்தமாகச் சொல்ல விரும்புவதற்கு அங்கு இடமில்லை. அவனைத் தெரு தன்பால் இழுத்துக்கொள்வதற்கு வறுமை ஒரு காரணம் எனில், இது மற்றொரு காரணம். இதனைப் படம் பிரசாரமாகக் கூறவில்லை, நிகழ்ச்சிகளால் உணர்த்துகிறது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் வழக்கம் தேர்வோடு சேர்ந்து போய்விட்டதாகக் கூறுவதற்கில்லை. ‘விடியற்காலையில் ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்ற வகைத் தொடக்கம் இன்றும் கட்டுரைப் போட்டிகளில் மதிப்பெண் பெறுகிறது. ‘பாட்டி பெரட்டுக்குப் போகும்போது இன்னும் இருட்டாக இருக்கும்’ என்று ஒரு மாணவன் தொடங்கினால் ‘பெரட்டு’ என்னும் சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு விழும். முதல் வாக்கியம் எவர் வீட்டு விடியலும் அன்று. இரண்டாவது வாக்கியத்தில் ஒரு வீடும் ஒரு கிழவியும் ஒரு நூற்றாண்டு வரலாறும் உள்ளன. பிழையற எழுதக் கற்பித்தல் பள்ளியின் கடமை என்பதில் எமக்கு மறுப்பில்லை. எழுத்துத்தமிழைக் கைவிட்டுப் பேச்சுத்தமிழை அரியணை ஏற்றுக என்பதும் எம் வாதம் அன்று. கதையிலும் நாடகத்திலும் பாத்திரம் தன் நாவால் பேசுவதற்கும், மாணவன் இலக்கணம் பிழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பீட்டு முறை காண வேண்டும் என்பதே வாதம். விழாக் குழு எழுபது விழுக்காடு மலாய் கேட்டபோது அது அநீதி எனத் தமிழர் கூறினர். தமிழ்ப் போட்டிகளின் நடுவர் குழுக்கள் நூறு விழுக்காடு தூய தமிழ் கேட்கும்போது வெளியே நிற்க நேர்வதும் அதே தோட்டத்துப் பிள்ளைதான்.

இவ்வொப்பீடு மிகை என்பார் ‘பேய்ச்சி’க்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். லூனாஸில் பிறந்தவரான ம. நவீன் எழுதி 2019இல் வெளிவந்த அந்நாவல், 1981இல் லூனாஸ் வட்டாரத்தில் நஞ்சு கலந்த சம்சு குடித்துப் பலர் மாண்ட நிகழ்வைத் தன் புனைவின் ஊடுபாவாகக் கொண்டது. 1947இல் கள்ளுக்கு எதிராகப் போராடிய அதே கெடா மண்ணின் துயரம் அது. அந்நாவலின் பாத்திரங்கள் தோட்டத்து மொழியை அதன் வசைச்சொற்களோடும் பேசுகின்றன. அதன் மீதான எதிர்ப்பு தமிழ் வாசகரிடையேதான் எழுந்தது. சில பக்கங்களைப் படியெடுத்துக் கதையினின்று பிரித்து, ஆபாசம் எனக் குற்றம் சாட்டினர். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்நூலைத் தடை செய்ததாக அறிவித்தது. ‘ஜகாட்’டுக்கு விருது கிடைத்தபோது பெருமிதம் கொண்ட சமூகமே, ‘பேய்ச்சி’ விவகாரத்தில் வாளாவிருந்தது. சிலர் மகிழவும் செய்தனர்.

இரு படைப்புகளையும் தரத்தில் ஒன்றாக்குவது எம் நோக்கம் அன்று. ‘பேய்ச்சி’யின் சில இடங்கள் அளவு மீறியவை எனக் கருதும் வாசகர்க்கு அவ்வாறு கூறும் உரிமை உண்டு. அதைத் திறனாய்வாக எழுதவும் வேண்டும். ஆனால் திறனாய்வு செய்ய வேண்டிய இடத்தில் புகார்க் கடிதம் சென்றது. திரையில் ஒரு குண்டர் வைதால் அது யதார்த்தம், விருதுக்குரியது. நூலில் ஒரு தோட்டத் தொழிலாளி வைதால் அது தமிழுக்கு இழுக்கு. இவ்விரட்டை அளவைக்கு ஒரு காரணம் நமக்குப் புலப்படுகிறது. முதலாவதற்குத் தேசிய மேடை ஒன்று முத்திரை குத்திவிட்டது. இரண்டாவதற்குத் தமிழ் வாசகரே முதல் நடுவராக அமைய வேண்டியிருந்தது.

விருதுபெற்ற படத்தையும் நாம் கறாராக நோக்குதல் வேண்டும். ‘ஜகாட்’டில் பெண்களின் குரல் மிகத் தாழ்ந்தே ஒலிக்கிறது. தோட்டத்தில் ஆணுக்கு இணையாகப் பால்மரம் வெட்டியவள், மங்கு துடைத்தவள், நகரத்துக்கு வந்தபின் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக் குடும்பத்தைக் காத்தவள் பெண். கூலிமின் மின்னணுத் தொழிற்சாலைகளை அறிந்த கெடாத் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. படமோ ஆண்கள் சிதைவதைக் கூர்ந்து நோக்கிவிட்டுப் பெண்கள் தாங்கி நிற்பதைக் கடந்து செல்கிறது. இவ்வகையில் 2005இல் தீபக் குமாரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ முந்திக்கொள்கிறது. 1960களின் தோட்டத்தில் பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் சாந்தா என்னும் பெண்ணே அதன் நடுநாயகம். பிரான்சின் நாந்து நகரத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதை அது பெற்றது. உள்நாட்டிலோ மொழி காரணமாக மலேசியப் படம் என்னும் தகுதிக்கே அது போராட வேண்டியிருந்தது. ‘ஜகாட்’டின் வெற்றியை எழுதியோர் பதினோராண்டுக்கு முந்தைய அவ்வழக்கை நினைவூட்டியிருக்கலாம். ‘பேய்ச்சி’யும் தலைப்பிலேயே ஒரு நாட்டார் பெண்தெய்வத்தை ஏந்தி நிற்பது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பயிலும் மாணவர், சாந்தாவின் தோட்டம், அப்போயின் தெரு, லூனாஸின் சம்சு மரணம் ஆகியவை ஒரே மக்களின் மூன்று பருவங்கள் என்பதைத் தாமே கண்டறிவர். அவற்றுள் ஒன்றை இன்று வகுப்பறைக்குக் கொண்டு செல்ல இயலாது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.