சீட்டு சேராத கையும் இரண்டாம் பந்தயமும்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் பொதுச் சீட்டு திறக்கும் முன்பு கடைசியாகத் தொகையை உயர்த்தியவர், முதல் மூன்று சீட்டுகள் (பிளாப்) திறந்ததும் மீண்டும் கட்டுவது தொடர் பந்தயம். 1995இல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டனின் நூல்கள் இந்த உத்தியைப் பரவலாக்கின. கையில் எதுவும் சேராமல் கட்டினால் அது பிளஃப்.

இது பலிப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. ஜோடியில்லாத இரண்டு சீட்டுகளுக்கு பிளாப்பில் ஜோடியோ அதற்கு மேலோ சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம்தான். மூன்றில் இரண்டு முறை எதிராளிக்கும் ஒன்றும் சேர்ந்திருக்காது. நடுவில் 1,000 ரூபாய் இருக்கும்போது 500 கட்டினால், மூன்றுக்கு ஒரு முறை அவர் விலகினாலே முதலுக்கு மோசமில்லை. முழு 1,000 கட்டினால் பாதி முறையாவது விலக வேண்டும்.

ஆட்கள் கூடினால் இந்தக் கணக்கு குலையும். ஒவ்வொருவரும் விலகும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்தால், இருவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 36 சதவீதம். மூவர் என்றால் சுமார் 22. பிளஃப் ஒற்றை எதிராளிக்கே உரியது என்று தேர்ந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மேசையில் விழுந்த சீட்டுகள். ராஜா, 7, 2 மூன்றும் வெவ்வேறு இனமாக வந்தால், ராஜா தன்னிடம் இருப்பதாகக் காட்டுவது தொகையை உயர்த்தியவருக்கு எளிது. எதிராளி எதிர்பார்த்துக் காத்திருக்கவும் அங்கே அதிகமில்லை. 9, 8, 7 வந்து அதில் இரண்டு ஒரே இனமாக இருந்தால் நிலைமை தலைகீழ். அது பின்தொடர்ந்து வந்தவரின் சீட்டுகளுக்கே பொருந்தும். அங்கே கட்டாமல் விடுவதே லாபம்.

பிளாப்பில் விலகாத எதிராளியிடம் நான்காம் சீட்டிலும் கட்டலாமா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏஸ் போன்ற பெரிய சீட்டு விழுந்து அவருடைய ஜோடியைச் சிறிதாக்கினால் கட்டலாம். பயனற்ற 3 விழுந்தால், சற்றுமுன் விலகாதவர் இப்போது விலகக் காரணமில்லை. ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்திருந்தால் பிளஃபுக்கு ஒரு துணை உண்டு: எஞ்சிய ஒன்பது சீட்டுகளில் ஒன்று கடைசியில் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம்.

2003 உலகத் தொடரின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் சாம் ஃபர்ஹாவை ஒரு கையில் விலகச் செய்தது இப்படித்தான். பிளாப் 9, 2, 6; அப்போது இருவருமே கட்டவில்லை. நான்காவதாக ஸ்பேடு 8 வந்தது. ஸ்பேடு ராஜாவும் 7உம் வைத்திருந்த மணிமேக்கருக்கு ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு), ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) இரண்டுக்கும் வழி திறந்தது. ஃபர்ஹா கட்டியதும் அவர் உயர்த்தினார். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் 3. எதுவும் சேரவில்லை. ஆனாலும் ஃபிளஷ் முடிந்துவிட்டதாகக் காட்டும் கதை அறுபடவில்லை. அவர் மொத்தத்தையும் வைத்தார். 9இல் ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா சீட்டைக் கவிழ்த்தார். அந்த ஆண்டுப் பட்டம் மணிமேக்கருக்கே போனது.

கடைசிச் சீட்டுக்குப் பிறகு கை மேம்பட வழியில்லை. முந்தைய பந்தயங்களோடு ஒத்துப்போகும் கதை இருந்து, எதிராளி நடுத்தரக் கையை விட்டுக்கொடுக்கக் கூடியவராகவும் இருந்தால் மட்டுமே மூன்றாம் பந்தயம் செல்லும். எதற்கும் விலகாதவரிடம் எந்தச் சுற்றிலும் பிளஃப் எடுபடாது. அவரிடம் நல்ல கை வரும்வரை காத்திருந்து கட்டுவதே வழி.

சீட்டு கைகொடுக்காமலே வெல்ல இடமிருப்பதுதான் போக்கரைத் திறன் ஆட்டம் என்போரின் வலுவான வாதம். 2022 தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறனா, அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது.