கண் அளந்தது பாதியே

இரத்த அழுத்தம் என்றதும் கையில் சுற்றும் பட்டை நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பட்டைக்கு எட்டாத ஓர் அழுத்தமும் நம் உடலில் உண்டு. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் போர்ட்டல் சிரையின் அழுத்தமே அது. சிரோசிஸ் நோயில் கல்லீரல் தழும்பேறி இறுகுகிறது. இரத்தம் செல்லும் வழியில் தடை கூடுவதால் அழுத்தம் ஏறுகிறது. மாற்று வழி தேடும் இரத்தம் உணவுக்குழலின் அடிப்பகுதிச் சிரைகளில் பாய, அவை புடைத்து நெளிகின்றன. அவை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, யாருக்கு வெடிக்கும் என முன்கூட்டியே அறிய வேண்டியுள்ளது.

இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வுகளுள் வட இத்தாலிய எண்டோஸ்கோப்பிக் கழகத்தினர் 1988இல் வெளியிட்டது புகழ்பெற்றது. சிரைகள் புடைத்திருந்தும் அதுவரை இரத்தக்கசிவு காணாத 321 நோயாளிகளை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். 85 பேருக்குக் கசிவு ஏற்பட்டது. நோயின் கடுமை, எண்டோஸ்கோப்பில் தெரியும் சிரையின் பருமன், அதன்மேல் சாட்டையடித் தழும்பு போல் ஓடும் சிவப்புக் கோடுகள் ஆகிய மூன்றையும் கொண்டு கசிவின் வாய்ப்பைக் கணிக்கும் குறியீட்டெண் ஒன்றை வகுத்தனர்.

இது வெறும் அனுபவக் கணக்கன்று. இதன் அடியில் இயற்பியல் இருக்கிறது. லாப்லாஸ் விதிப்படி, குழாய்ச் சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். அழுத்தம் மாறாமலே ஆரம் இரு மடங்காகிச் சுவர் பாதியாக மெலிந்தால், தகைவு நான்கு மடங்காகும். பருமன் ஆரத்தைக் காட்டுகிறது. சிவப்புக் கோடுகள் சுவரின் மெலிவை உணர்த்துகின்றன. இவ்விரண்டையும் தேர்ந்தெடுத்தது ஆய்வின் சிறப்பு.

ஆனால் மூன்றாவது அளவான அழுத்தம் எங்கே? எண்டோஸ்கோப் அதைக் காண்பதில்லை. நோயின் கடுமை அதற்கு முழு ஈடாகாது. மேலும், பருமனைக் கணிப்பது மருத்துவரின் கண், அளவுகோல் அன்று. சோதனையின்போது உட்செலுத்தும் காற்று மிகுந்தால் சிரை அமுங்கிச் சிறிதாகத் தோன்றும். ஒருவர் நடுத்தரம் என்பதை மற்றொருவர் பெரியது எனலாம். இக்குறைகளை மறந்து குறியீட்டெண்ணைத் துல்லிய அளவாகக் கொள்வது தவறு.

அழுத்தத்தை அளக்க வழி உண்டு. கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாயைக் கல்லீரல் சிரைக்குள் செலுத்தி, பலூனால் அடைத்தும் அடைக்காமலும் அளந்து வேறுபாட்டைக் காண்கின்றனர். இது இயல்பாக 5 மி.மீ. பாதரசத்துக்கு மிகாது; 10ஐ எட்டினால் கவலைக்குரியது; 12க்குக் கீழ் கசிவு அரிது. ஆனால் இச்சோதனை எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.

எனவே 2015இல் இத்தாலியின் பவேனோவில் கூடிய வல்லுநர்கள் எளிய வழியொன்றைப் பரிந்துரைத்தனர். கல்லீரலின் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும், இரத்தத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 1,50,000க்கு மேலும் இருந்தால், அப்போதைக்கு எண்டோஸ்கோப் சோதனை தேவையில்லை என்றனர்.

இதனால் எண்டோஸ்கோப்பின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. கசியும் சிரையைக் கண்டு ரப்பர் வளையத்தால் கட்டி உயிர்காப்பது அதுவே. நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஓர் எண்ணைத் தரும்போது, கருவி எதை அளந்தது, எதைக் கண் ஊகித்தது? மருத்துவ அறிக்கையைப் படிக்கும்போதும் ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும்போதும் மாணவர்கள் இக்கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும்.