சான்றிதழும் சாயத் தண்ணீரும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகன உதிரிபாக ஆலைகளில் ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் சுவரில் மாட்டியிருப்பது சகஜம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. இத்தனைக்கும் வேகவதி ஆற்றில் சாக்கடையோடு சாயநீரும் கலக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். ஆலைக்காரர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த அக்கறை?

சுருக்கமான பதில்: கேட்டார்கள், வாங்கினார்கள். சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான இந்தத் தரநிலை 1996-ல் வந்தது. 1999-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்களுக்குப் பாகம் தரும் எல்லோரும் சில ஆண்டுகளுக்குள் இதைப் பெற்றாக வேண்டும் என்று அறிவித்தன. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் இருந்தது. உதிரிபாகத் தொழிலில் சான்றிதழ் ஆர்டருக்கான நுழைவுச்சீட்டாக மாறியது இப்படித்தான்.

நுழைவுச்சீட்டு என்பதற்காக அது போலி ஆகிவிடாது. ஆனால் அது எதற்குச் சான்று என்பதில் தெளிவு வேண்டும். எவ்வளவு கழிவு வெளியேறலாம் என்ற வரம்பு எதையும் இந்தத் தரநிலை விதிப்பதில்லை. உன்னால் விளையும் கேடுகளைப் பட்டியலிடு, சட்டத்துக்கு உட்படு, இலக்கை நீயே வை, அளந்து எழுது, தணிக்கைக்குக் காட்டு என்கிறது, அவ்வளவுதான். பலன் பற்றிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க ஆலைகளை ஆராய்ந்த பொட்டோஸ்கியும் பிரகாஷும், சான்று பெற்றவை காற்று மாசுச் சட்டத்தை மேலாகப் பின்பற்றியதாக 2005-ல் எழுதினார்கள். கனடாவின் ஒன்பது நிறுவனங்களுக்குள் போய்ப் பார்த்த பொய்ரால், தணிக்கையாளர் வருகையை ஒட்டி நடக்கும் சடங்காக அது மாறியிருந்ததை 2007-ல் காட்டினார். இரண்டையும் நம்புகிறேன். கண்காணிக்கும் அரசு இருந்தால் ஏடு உயிரோடு இருக்கும். இல்லையென்றால் அது வெறும் ஏடு.

சாயப்பட்டறைக்கு இதில் லாபம் உண்டா? நிச்சயம் உண்டு. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குகிறார்கள். ஒரு கிலோ பட்டில் 200 முதல் 250 கிராம் வரை பசையாகக் கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது. அடுத்து சாயக் கொப்பரை. சூடும் அமிலமும் பக்குவமாக இருந்தால் நூல் சாயத்தை முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், கொப்பரையில் மிஞ்சும் தண்ணீர் ஏறக்குறைய வெளுத்துவிடும். கைக்கணக்கு தப்பினால், காசு கொடுத்து வாங்கிய அரக்குச் சிவப்பு அப்படியே வாய்க்காலில் ஓடும். வெப்பமானி, தராசு, ஒரு நோட்டு: இவை மூன்றும் பட்டறைக்காரரின் காசையும் ஆற்றையும் ஒருசேரக் காக்கும். தரநிலையின் சாரம் இதுதான். தணிக்கைக் கட்டணம் கட்டாமலே செய்யலாம்.

வாங்குகிறவர் கேட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்குத் திருப்பூரைக் காட்டுவேன். ஆபத்தான அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடை செய்தது, இந்தியாவும் 1997-ல் தடை விதித்தது. துணியில் அந்தச் சாயம் இருக்கிறதா என்று வாங்குகிறவர்கள் துருவிக் கேட்டார்கள். நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களோ ஆயக்கட்டு விவசாயிகள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத சுத்திகரிப்பு அங்கே தவிர்க்க முடியாததாயிற்று.

ஆகவே என் தீர்ப்பு: ஐஎஸ்ஓ 14001 நல்ல கணக்குப் பழக்கம், ஆற்றுக்குக் காவல் அல்ல. சின்னப் பட்டறைகள் ஒவ்வொன்றையும் சான்றிதழ் வாங்கச் சொல்வது வீண் செலவு. அவற்றுக்குத் தேவை பொதுச் சுத்திகரிப்பு நிலையமும், சலிக்காமல் வந்து சோதிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்.

காஞ்சிப் பட்டை வாங்குகிறவர் அசல் பட்டா என்று கேட்டால் சில்க் மார்க் இருக்கிறது, காஞ்சியில் நெய்ததா என்று கேட்டால் புவிசார் குறியீடு இருக்கிறது. சாயத் தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்குத்தான் சீட்டு இல்லை. அந்தக் கேள்வியைக் கோ-ஆப்டெக்ஸும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பெரிய பட்டு மாளிகைகளும் கொள்முதல் நிபந்தனையாக எழுதட்டும். கல்யாணப் புடவை விலையில் அந்தச் செலவு தாங்கும்.